நடந்தால் பிடிக்கும், நின்றால் விடும்: கால் ரத்தக்குழாய் அடைப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. ரங்கநாதன் தெருவில் அப்பா ஒவ்வொரு கடை முன்னாலும் நின்றார். பாத்திரக் கடை, சரி. பைக் கடை, சரி. நைட்டி தொங்கவிட்டிருந்த கடை முன்னாலும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப்பா, அம்மாவுக்கா?" என்றேன். "சும்மா பாக்கறேம்மா" என்றார். இரண்டு நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காதது மாதிரி நடந்தார். அடுத்த கடையில் மறுபடி நின்றார்.

அப்பாவுக்கு 67 வயது, 14 வருடமாக சுகர், ரிட்டயர் ஆகும்வரை தினம் ஒரு பாக்கெட் சிகரெட். நான் செய்யும் வேலை, ஒரு மருத்துவமனையின் வாஸ்குலர் லேபில் டெக்னீஷியன். கால் ரத்தக்குழாய் பரிசோதனைதான் எனக்குச் சோறு போடுகிறது. ஜெர்மன் மொழியில் இந்த நோய்க்கு 'கடை ஜன்னல் நோய்' என்றே ஒரு பெயர் உண்டு. வலியால் நிற்கிறோம் என்று காட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு, கடையை வேடிக்கை பார்ப்பதுபோல் நிற்பார்களாம். இதைப் படித்துப் பாஸ் செய்தவள் நான். என் அப்பா காலில் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கும் கருவி, வைத்துப் பார்க்க எனக்கு 8 மாதம் ஆனது.

அதற்குள் அவர் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, 'முதுகுத்தண்டு தேய்மானம்' என்று கால்சியம் மாத்திரையும் இடுப்பு பெல்ட்டும் வாங்கி வந்திருந்தார். அங்கே யாரும் அவரை சாக்ஸைக் கழற்றச் சொல்லவில்லை. வீட்டில் நானும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. மருந்து பெயரும் அளவும் இதில் வருவது நீங்கள் டாக்டரிடம் விவரமாகப் பேசுவதற்காக, கடையில் கேட்டு வாங்குவதற்காக அல்ல.

உள்ளே என்ன நடக்கிறது

இதயத்திலிருந்து ரத்தத்தைக் காலுக்குக் கொண்டுபோகும் குழாய்கள் தமனிகள். அவற்றின் உள்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகிப்போவதுதான் நோய். சும்மா உட்கார்ந்திருக்கும்போது காலுக்குத் தேவைப்படும் ரத்தம் கொஞ்சம்தான். குறுகிய குழாயே அதற்குப் போதும். நடக்க ஆரம்பித்தால் சதை பல மடங்கு கேட்கும். கிடைக்காது, வலிக்கும். நின்றால் தேவை குறையும், வலி விடும்.

இதை நரம்பு சுருட்டலோடு குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். நரம்பு சுருட்டல் என்பது ரத்தத்தைத் திருப்பி மேலே கொண்டுபோகும் சிரைகளின் கோளாறு. காலில் நீலமாகப் புடைத்துத் தெரியும், சாயங்காலம் கால் வீங்கும், காலை உயர்த்தி வைத்தால் சுகமாக இருக்கும். தமனி அடைப்பில் எல்லாம் தலைகீழ். வெளியே ஒன்றும் தெரியாது, காலை உயர்த்தினால் வலி கூடும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதோடு, ஒன்றின் வைத்தியம் மற்றதற்கு விஷம். சுருட்டலுக்குப் போடும் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸை ரத்தமே சரியாக வராத காலில் மாட்டினால் தோல் கறுத்துவிடும். மருந்துக் கடையில் அளவு பார்த்து வாங்கி மாட்டிக்கொண்டு, புண்ணோடு எங்கள் லேபுக்கு வருகிறவர்கள் உண்டு.

படி 1: வலியை விசாரியுங்கள்

'கால் வலி' என்ற ஒரு சொல்லுக்குள் பத்து நோய் இருக்கிறது. ஆகவே நான்கு கேள்வி. எங்கே வலிக்கிறது? எவ்வளவு தூரத்தில் வருகிறது? என்ன செய்தால் போகிறது? ராத்திரி எப்படி?

அடைப்பு வலி சதையில் வரும், மூட்டில் அல்ல. பெரும்பாலும் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகும். தொடையில் ஓடும் தமனி அடைபட்டால் கெண்டைக்காலிலும், வயிற்றுக்குக் கீழே இருக்கும் பெரிய குழாய் அடைபட்டால் பிட்டத்திலும் தொடையிலும் வலிக்கும். பின்னதில் ஆண்களுக்கு விறைப்புக் குறைவும் சேர்ந்து வரலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டிய விஷயம் இது. அடைப்பு எந்த உயரத்தில் என்று அவருக்குப் பாதி புரிந்துவிடும்.

தூரம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அப்பாவுக்கு எங்கள் தெருவில் 6 மின்கம்பம். மாடிப்படியோ மேம்பாலமோ ஏறினால் சீக்கிரமே வந்துவிடும்.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அடைப்பு வலி சும்மா நின்றாலே 10 நிமிஷத்துக்குள் போய்விடும். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கி வரும் வலி நின்றால் போகாது; உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். அவர்கள் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் நெடுந்தூரம் போவார்கள். என் அப்பா உட்கார இடம் தேடவில்லை, நின்றார். நைட்டிக் கடை முன்னால் நான் கவனித்திருக்க வேண்டியது இதைத்தான்.

நான்காவது, ராத்திரி. நோய் முற்றினால் படுத்த ஒரு மணி, இரண்டு மணியில் பாதமும் விரல்களும் வலித்து எழுப்பும். கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டால் குறையும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்றால் அது வயசுக் கோளாறு இல்லை. சுகரால் நரம்பு கெட்டு வரும் எரிச்சலும் ராத்திரியில்தான் வரும், ஆனால் தொங்கப் போட்டால் அது குறையாது.

ஒரு எச்சரிக்கை. பல வருட சுகர்காரர்களுக்கு நரம்பு மரத்துப்போயிருக்கும். வலியே இல்லாமல் நேராகப் புண்ணோடு வருவார்கள். மூட்டு வலியால் அதிகம் நடக்காதவர்களுக்கும் இந்த வலி வெளிப்பட வாய்ப்பே இருக்காது. 65 வயதைத் தாண்டியவர்கள், 50 தாண்டி சுகரோ புகைப் பழக்கமோ உள்ளவர்கள் எல்லோரும் வலி இல்லாவிட்டாலும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

படி 2: சாக்ஸைக் கழற்றுங்கள்

நல்ல வெளிச்சத்தில் இரண்டு காலையும் முட்டிவரை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கால் மட்டும் சில்லென்று இருக்கிறதா? ஒரு காலில் மட்டும் முடி உதிர்ந்து தோல் பளபளக்கிறதா? நகம் தடித்திருக்கிறதா? விரல் இடுக்கையும் குதிகாலையும் மறக்காதீர்கள். புண் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான்.

அப்புறம் நாடி. பாதத்தின் மேல்புறம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்திலிருந்து கணுக்காலை நோக்கி விரலை மெதுவாக நகர்த்தினால் பாதத்தின் நடுவில் ஒரு துடிப்பு. உள்பக்கக் கணுக்கால் எலும்புக்கும் குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாணுக்கும் நடுவே இன்னொன்று. இரண்டு மூன்று விரல் நுனியால் லேசாகத் தொடவும். கட்டைவிரலால் பார்த்தால் உங்கள் நாடியையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள், அழுத்தினால் இருக்கும் துடிப்பும் நின்றுவிடும். மேல்பாத நாடி நல்ல ஆரோக்கியமான சிலருக்கே பிறவியிலிருந்து கிடைக்காது, அதனால் அது மட்டும் இல்லையென்றால் பதற வேண்டாம். கணுக்கால் பின்புற நாடியும் இல்லையென்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொரு சோதனை. மல்லாந்து படுக்க வைத்து, காலை சுமார் 45 டிகிரி உயர்த்தி ஒரு நிமிஷம் பிடியுங்கள். நம் மாநிறத் தோலில் மேல்பாதத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளங்காலையும் நகத்தடியையும் பாருங்கள். அடைப்புள்ள காலில் உள்ளங்கால் வெளுத்துப்போகும். பிறகு எழுந்து உட்கார்ந்து தொங்கப் போட்டால் நிறம் தாமதமாகத் திரும்பி, ஒரு மாதிரி கருஞ்சிவப்பாகும். 'பாருங்க, ரத்தம் நல்லா ஓடுது' என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அது ஓடும் ரத்தம் இல்லை, தேங்கி நிற்கும் ரத்தம்.

படி 3: ஏபிஐ, அதாவது கணுக்கால் கணக்கு

கையில் எடுப்பதுபோலக் கணுக்காலிலும் பிபி எடுத்து, காலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பதுதான் ஏபிஐ. ஊசி இல்லை, சாயம் இல்லை, வலி இல்லை. கால் மணி நேர வேலை. இந்த நோயில் முதலில் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை இதுதான், நேராக ஆஞ்சியோ (குழாயில் சாயம் ஏற்றி எடுக்கும் படம்) அல்ல.

எங்கள் அறையில் இப்படிச் செய்வோம். வந்தவரை முதலில் 10 நிமிஷம் மல்லாக்கப் படுக்க விடுவோம். படியேறி வந்த மூச்சோடு எடுத்தால் கணக்கு தப்பும். இரண்டு கையிலும், இரண்டு கணுக்காலுக்குச் சற்று மேலேயும் பிபி பட்டை. ஸ்டெத்தாஸ்கோப் இங்கே உதவாது. பேனா அளவு டாப்ளர் கருவியை ஜெல் தடவி நாடியின் மேல் சாய்த்து வைத்தால் ரத்தம் ஓடும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும். நல்ல தமனியின் சத்தம் சாட்டை சுழற்றுகிற மாதிரி வெடுக்கென்று, மூன்று துண்டாக வரும். அடைப்புக்குக் கீழே கேட்டால் ஜன்னல் இடுக்கில் காற்று நுழைவதுபோல 'உஸ்ஸ்... உஸ்ஸ்...' என்று சோம்பலாக இழுக்கும். எண் எழுதுவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்.

பட்டையில் காற்றை ஏற்றச் சத்தம் நிற்கும். மெல்ல இறக்க, சத்தம் திரும்பும் இடத்தின் எண்ணைக் குறிப்போம். ஒவ்வொரு காலிலும் இரண்டு நாடியில் எது அதிகமோ அது மேலே. இரண்டு கையில் எது அதிகமோ அது கீழே.

அப்பாவின் தாளில் இருந்ததையே தருகிறேன். வலது கை 150, இடது கை 146. வலது காலில் மேல்பாத நாடி 78, கணுக்கால் பின்புற நாடி 84. ஆக 84-ஐ 150-ஆல் வகுத்தால் 0.56. இடது காலில் அதிகபட்சம் 138, அதாவது 0.92. அவர் ஸ்பீக்கரைப் பார்த்து, "வலது பக்கம் சத்தமே வரலையே, மெஷின்ல ஏதாவது ரிப்பேரா?" என்று கேட்டார். இல்லப்பா என்று மட்டும் சொன்னேன்.

எண்களை இப்படிப் படிக்க வேண்டும்: 1.00 முதல் 1.40 வரை சரி. 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு. 0.90-ம் அதற்குக் கீழும் அடைப்பு உறுதி. 0.40-க்குக் கீழே என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது. 1.40-க்கு மேல் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். சுகர், கிட்னி நோயாளிகளுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு ஏறிக் குழாய் பைப் மாதிரி விறைத்து, பட்டைக்கு நசுங்காமல் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். இதே காரணத்தால் 1.1 என்று அழகான எண் வந்தும் விரல் கறுத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். பல வருடமாக சுகர் உள்ளவர்கள் கால் பெருவிரலில் குட்டிப் பட்டை கட்டி எடுக்கும் விரல் அழுத்தத்தையும் கேளுங்கள். விரல் தமனியில் சுண்ணாம்பு அவ்வளவாக ஏறாது. அதை கை அழுத்தத்தால் வகுத்து 0.70-க்குக் கீழே வந்தால் கோளாறு. விரல் அழுத்தமே 30-க்குக் கீழ் என்றால் புண் ஆறுவது கடினம்.

வலியின் கதை கச்சிதமாகப் பொருந்தியும் ஏபிஐ சரியாக இருந்தால், டிரெட்மில்லில் நடக்க வைத்து உடனே மறுபடி எடுப்போம். ஒளிந்திருக்கும் அடைப்பு அப்போது வெளியே வரும்.

படி 4: எங்கே, எவ்வளவு அடைப்பு

ஏபிஐ அடைப்பு இருக்கிறது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. அதற்கு டூப்ளெக்ஸ் ஸ்கேன். அல்ட்ராசவுண்டும் டாப்ளரும் சேர்ந்தது, கதிர்வீச்சு கிடையாது, இடுப்பிலிருந்து பாதம்வரை அரை மணிக்கு மேல் ஆகும். செய்பவரின் கையைப் பொறுத்தது என்பதால், வாஸ்குலர் ஸ்கேன் தினமும் செய்கிற இடத்தில் எடுங்கள்.

சிடி ஆஞ்சியோ, எம்ஆர் ஆஞ்சியோ எல்லாம் அடைப்பைத் திறப்பது என்று முடிவான பிறகு வரைபடத்துக்காகத்தான். மருந்திலும் நடையிலும் சமாளிக்கப் போகிறவருக்கு அந்தச் செலவும் சாயமும் எதற்கு? சாயம் ஏற்றும் முன் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்தாக வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நிறுத்த வேண்டுமா, எப்போது மறுபடி தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே எச்பிஏ1சி (மூன்று மாத சுகரின் சராசரி), கொழுப்பு அளவு, ரத்த எண்ணிக்கை, இசிஜி. காலில் அடைப்பு என்றால் இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் அதே வேலை நடந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். இந்த நோயாளிகள் காலை இழப்பதைவிட மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் போவதே அதிகம்.

வயது 45-க்குள், சுகர் இல்லை, கொழுப்பு இல்லை, ஆனால் பீடியோ சிகரெட்டோ விடாமல் குடிப்பவர் என்றால் வேறொரு நோயை யோசிப்பார்கள்: பர்கர் நோய். 1908-ல் லியோ பர்கர் விவரித்ததால் அந்தப் பெயர். விரல் நுனிகளின் சின்னக் குழாய்களிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறும். அதற்கு ஒரே உருப்படியான மருந்து புகையிலையை அடியோடு விடுவது. 'ரெண்டு மட்டும்' என்பது அதில் செல்லாது.

இதற்குக் காத்திருக்கவே கூடாது

திடீரென்று ஒரு கால் தாங்க முடியாமல் வலித்து, வெளுத்து, ஐஸ் மாதிரி சில்லிட்டு, நாடி இல்லாமல், மரத்துப்போய், விரலை அசைக்க முடியாமல் ஆனால் அது முழு அடைப்பு. பெரும்பாலும் ரத்தக்கட்டி வந்து அடைத்திருக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு அதிகம் வரும். சுமார் 6 மணி நேரத்துக்குப் பிறகு சதை சாக ஆரம்பிக்கும். மரத்துப்போவதும் அசைக்க முடியாததும் வந்துவிட்டால் கையில் இருக்கும் நேரம் இன்னும் குறைவு. 108-ஐக் கூப்பிடுங்கள், வாஸ்குலர் சர்ஜன் இருக்கும் மருத்துவமனைக்கே போங்கள். ஒத்தடம் வேண்டாம், எண்ணெய் தேய்க்க வேண்டாம், காலைத் தலையணை மேல் உயர்த்த வேண்டாம். அங்கே ரத்தம் மேலும் கட்டாமலிருக்க ஹெப்பாரின் போட்டு, தேவையானால் 1963-ல் தாமஸ் ஃபோகார்ட்டி அறிமுகப்படுத்திய பலூன் குழாயால் கட்டியை இழுத்து எடுப்பார்கள்.

படி 5: மருந்து

புகையிலைதான் முதல் மருந்துச் சீட்டு. பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எல்லாமே கணக்கில் சேரும். தனியாக முடியாவிட்டால் தேசிய இலவச எண் 1800-11-2356 இருக்கிறது. நிக்கோட்டின் சூயிங்கம்மும் மாத்திரையும் இருக்கின்றன.

அடுத்து ஸ்டேட்டின், அதாவது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை. கொலஸ்ட்ரால் நார்மலாக இருந்தாலும் கொடுப்பார்கள், அதிக அளவில்: அட்டோர்வாஸ்டேட்டின் 40 முதல் 80 மில்லிகிராம் அல்லது ரோசுவாஸ்டேட்டின் 20 முதல் 40. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு அப்பா ஒருமுறை இதை மூன்று வாரம் நிறுத்தி வைத்திருந்தார். மாத்திரைப் பட்டையை எண்ணிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் 75 அல்லது குளோபிடோக்ரெல் 75. சிலருக்கு, குறிப்பாக அடைப்பைத் திறந்த பிறகு, ஆஸ்பிரினோடு ரிவரோக்ஸபான் 2.5 மில்லிகிராம் தினம் இருவேளை சேர்ப்பார்கள். ரத்தக்கசிவு ஆபத்து கூடும் என்பதால் எல்லோருக்கும் கிடையாது. பல் பிடுங்கப் போகிறேன் என்று இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நடக்கும் தூரத்தைக் கூட்ட சிலோஸ்டசோல் 100, இருவேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் அல்லது இரண்டு மணி பின்னால். தலைவலியும் படபடப்பும் வரலாம். இதயம் பலவீனமாகி மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது. இன்னொன்று: நம் ஊரில் ஆளாளுக்குப் போடும் 'கேஸ் மாத்திரை' ஒமிப்ரசோல், குளோபிடோக்ரெல்லின் வேலையைக் குறைக்கும், சிலோஸ்டசோலின் அளவை ரத்தத்தில் ஏற்றும். சீட்டில் இல்லாமல் நீங்கள் விழுங்குவதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பிபி 130/80-க்குள், எச்பிஏ1சி பெரும்பாலானவர்களுக்கு 7 பக்கம்.

படி 6: வலிக்க வலிக்க நடப்பது

யாரும் நம்பாத வைத்தியம் இது. 'நடந்தாத்தான் வலிக்குது, நீங்க நடக்கச் சொல்றீங்களே' என்பார்கள். புண்ணும் ராத்திரி வலியும் இல்லாத, வெறும் நடை வலி மட்டும் உள்ளவர்களுக்கு முறையான நடைப் பயிற்சி நடக்கும் தூரத்தை நன்றாகவே கூட்டும். காலின் சதை, கிடைக்கும் ரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது.

முறை இதுதான். 3 முதல் 5 நிமிஷத்தில் வலி ஆரம்பிக்கும் வேகத்தில் நடங்கள். ஆரம்பித்ததும் நிற்காதீர்கள், நடுத்தர வலி வரும்வரை போங்கள். பிறகு நின்று, வலி முழுவதும் போனதும் மறுபடி. நிற்பதையும் சேர்த்து முதலில் 30 நிமிஷம், போகப் போக 45-க்கு மேல். வாரம் குறைந்தது 3 நாள், 12 வாரம். ஆரம்பிக்கும் முன் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சில் பாரம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சென்னையில் சமதளமான இடம் கிடைப்பதுதான் பிரச்சினை. நாகேஸ்வர ராவ் பூங்கா, நடேசன் பூங்கா, அண்ணாநகர் டவர் பூங்கா எல்லாம் நல்லது. உட்கார பெஞ்சும் இருக்கும். மெரினாவில் ஓரமாக இருக்கும் நடைபாதையில் நடங்கள், மணலில் வேண்டாம், அதிலும் வெறுங்காலில் வேண்டவே வேண்டாம். கத்திரி வெயில் நாட்களில் காலை 6 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்கும்போது வீட்டு வராந்தாவே போதும். அப்பா ஒரு பழைய டைரியில் 'போஸ்ட் 6, போஸ்ட் 7' என்று எழுதி வைத்தார். எண் ஏறுவதைப் பார்ப்பதே அவருக்குப் பாதி வைத்தியம்.

படி 7: அடைப்பைத் திறப்பது

வெறும் நடை வலிக்கு அவசரப்பட்டு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) வைக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம் மட்டுமல்ல, நெறிமுறைகளும் மருந்தையும் நடையையும்தான் முதலில் சொல்கின்றன. 3 முதல் 6 மாதம் ஒழுங்காகச் செய்தும் பிழைப்பைக் கெடுக்கிற அளவு வலி இருந்தால் யோசிக்கலாம். மாறாக, ராத்திரி வலி, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கறுத்த விரல் இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

அப்பா இரண்டாவது கட்சிக்குத் தானாகப் போனார். டைரியில் 9 போஸ்ட் வந்திருந்த சமயம், இரண்டாவது விரலில் இருந்த கால் ஆணியை ஷேவிங் பிளேடால் சீவிக்கொண்டார். பட்டாணி அளவு புண். மூன்று வாரத்தில் விரல் நுனி கறுத்தது.

ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் எல்லோருக்கும் இதயம்தான் ஞாபகம் வரும். ஆனால் 1964-ல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் உலகத்திலேயே முதலில் செய்தது காலில்தான். 82 வயது அம்மா ஒருவரின் அழுகத் தொடங்கிய காலில். இப்போதும் அதே எண்ணம்தான். இடுப்பு மடிப்பில் மரத்துப்போக ஊசி, மெல்லிய கம்பி, அதன் மேல் பலூன், தேவைப்பட்டால் ஸ்டென்ட். பேசிக்கொண்டே படுத்திருக்கலாம். முடிந்தபின் சில மணி நேரம் காலை மடக்காமல் இருக்க வேண்டும்.

பைபாஸ் என்றால் நோயாளியின் சொந்தக் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து அடைப்பைத் தாண்டி மாற்றுப்பாதை போடுவது. முட்டிக்குக் கீழே வரும் பைபாஸுக்கு செயற்கைக் குழாயைவிடச் சொந்தச் சிரையே நெடுநாள் உழைக்கும். இரண்டில் எது மேல்? 2022-ல் வந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு, நல்ல சிரை இருந்தால் பைபாஸ் மேல் என்றது. 2023-ல் வந்த பேசில்-2 ஆய்வு, முட்டிக்குக் கீழ் அடைப்புள்ளவர்களில் பலூன் வழியே மேல் என்றது. ஆக, 'எங்களிடம் இதுதான் உண்டு' என்று சொல்லும் இடத்தைவிட, இரண்டையும் செய்யத் தெரிந்த இடத்தில் ஆலோசனை கேட்பது புத்திசாலித்தனம். என் சிரையை ஸ்கேன் செய்து பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

'காலை எடுக்க வேண்டும்' என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ரத்த ஓட்டத்தை அளந்தீர்களா? எண் என்ன? திறக்க வழியே இல்லையா? சீழும் காய்ச்சலும் துர்நாற்றமும் சேர்ந்த ஈர அழுகல் என்றால் உயிரைக் காக்க உடனே வெட்டித் திறக்கத்தான் வேண்டும், அதில் பேரம் பேசாதீர்கள். காய்ந்து கறுத்த விரல் என்றால் பெரும்பாலும் அவகாசம் உண்டு. முதலில் ரத்தத்தைக் கொண்டுவந்து, பிறகு எவ்வளவு குறைவாக எடுக்க முடியுமோ அவ்வளவு எடுப்பார்கள். அப்பாவுக்குத் தொடைத் தமனியில் பலூன் செய்தபின் ஏபிஐ 0.84-க்கு ஏறியது. விரலின் நுனி மட்டும் போனது.

காலைக் காப்பாற்றி வைத்துக்கொள்வது

வெந்நீர் ஒத்தடம், ஹாட் பேக், கால் ஆணி பிளாஸ்டர், பிளேடு, சூடான எண்ணெய் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் எம்சிஆர் செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் செருப்பு. மத்தியானம் கோயில் பிரகாரத்தில் கல் கொதிக்கும், மரத்த காலுக்கு அது தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அதிகாலையில் போங்கள், சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. மழைத் தண்ணீரில் நடக்க நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் கழுவி, விரல் இடுக்கை ஒற்றித் துடைக்க வேண்டும்.

சென்னையில் எங்கே போவது

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், வடசென்னையில் ஸ்டான்லியிலும் ரத்தநாள அறுவை சிகிச்சைக்குத் தனித் துறை உண்டு. காலையிலேயே ஓபி சீட்டு வாங்கிவிடுங்கள். பழைய சீட்டு, ஸ்கேன், மாத்திரைப் பட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். தனியாரில் போவதானால் பெயர்ப் பலகையில் வாஸ்குலர் சர்ஜன் என்று இருக்க வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய்வரை தருகிறது. தனியார் மருத்துவமனை என்றால், அட்மிஷன் போடும் முன் காப்பீட்டு கவுன்டரில் உங்களுக்கு எழுதியிருக்கும் சிகிச்சையின் பெயரைக் காட்டி, இது பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். அட்மிஷன் போட்ட பிறகு கேட்டு அல்லாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதா மாதம் சுகர், பிபி மாத்திரைக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வருகிறது.

திறந்த பிறகு

திறந்த குழாய் மறுபடி சுருங்கும் பழக்கம் உள்ளது. முதல் 3 மாதத்துக்குள் ஒருமுறை, 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு வருடம் ஒருமுறை ஏபிஐயும் டூப்ளெக்ஸும் பாருங்கள். பழைய எண்ணிலிருந்து 0.15 அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால், வலி திரும்பாவிட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். எண்களை ஒரு தாளில் தேதியோடு எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். டாக்டர் மாறலாம், மருத்துவமனை மாறலாம். அந்தத் தாள் உங்களிடமே இருக்கட்டும்.

அப்பாவின் தாளில் 0.56, 0.84, 0.81 என்று மூன்று எண் இருக்கிறது. டைரியில் போன வாரம் 31 போஸ்ட்.